யாரும் அழுத்தாத பொத்தான்

ஆழிப்பார் நிலையத்தின் ஒவ்வொரு வாசல் பலகையிலும் இரண்டு பொத்தான்கள் இருந்தன. பச்சையில் 'போய் வருகிறேன்' என்றும் சிவப்பில் 'போகிறேன்' என்றும் எழுதியிருக்கும். நிலையத்தைக் கடலுக்கடியில் இறக்கிய நாள்முதல் அந்தச் சிவப்புப் பொத்தானை ஒருத்தரும் தொட்டதில்லை. எப்படித் தொடுவார்கள்? எல்லாம் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று ஏசிக்கொண்டே பெட்டி படுக்கையோடு கிளம்பிய பழைய சமையல்காரர்கூட, பச்சையைத்தான் அழுத்திவிட்டுப் படகேறினார். வாசலில் நின்றுகொண்டு 'போறேன்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

நிலையத்தை நடத்துகிற இயந்திரத்துக்கு இதெல்லாம் புரியுமா? அது ஆளுக்கொரு சீட்டு வைத்திருந்தது. காகிதச் சீட்டு இல்லை, அதன் நினைவில் ஒரு சின்ன இடம். நீங்கள் யார், எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும், எந்த அறையில் உங்களுக்காகக் காற்று விடவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓர் அறைக்குள் போனால் அந்த அறை உங்கள் சீட்டைப் பிடித்துக்கொள்ளும், வெளியே வந்தால் விட்டுவிடும். யாருமே பிடிக்காத சீட்டை அழித்து, அந்த இடத்தை இயந்திரம் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனவருடைய சீட்டை வாசலே பிடித்துக்கொள்ளும். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாரே, வரட்டும் என்று அதுபாட்டுக்குக் காத்திருக்கும்.

இப்படிக் காத்திருந்து காத்திருந்து, முந்நூறு பேர் வாழ்கிற நிலையத்தில் ஒன்பதாயிரம் சீட்டு சேர்ந்துவிட்டது. இனி ஒன்று வைக்கவும் இடமில்லை. அன்று படகில் வந்த புது ஆட்களுக்குச் சீட்டுப் போட முடியாமல், அவர்கள் மேல்தளத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா வெரோனிக்கா, இந்தச் சனியன ஒழிச்சுக் கட்டுதியா இல்லையா?" என்றார் நிலைய மேலாளர் சிதம்பரதாணு. நிலையம் முழுவதுக்கும் அவர் அண்ணாச்சி. இந்த இயந்திரத்துக்கு முதல் வரி எழுதியவரும், வாசல் பலகைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இப்போது எழுதுவதை விட்டுவிட்டு ஏசுவதை முழுநேர வேலையாக வைத்திருந்தார். "போறவன் போறேன்னு ஒரு பொத்தான அமுக்கிட்டுப் போனா என்ன, கை அழுகியா போவும்?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

வெரோனிக்கா அந்த இயந்திரத்தின் கருநிரலை, அதாவது மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடி எல்லாவற்றையும் கட்டிக்காக்கிற நிரலைப் பார்த்துக்கொள்பவள். அவள் ஒரு துடைப்பான் எழுதியிருந்தாள். வெளியே கடலுக்குப் போகிற முக்குளிப்போருக்கு ஆளுக்கு ஒரு சிலிண்டர் காற்றுத்தான். அந்தக் காற்று தீர்ந்த பிறகும் வராதவர் ஒன்று படகேறி ஊருக்குப் போனவர், இல்லையென்றால் கடலோடு போனவர். இரண்டில் எதுவானாலும் இனி வரப்போவதில்லை. ஆகவே அந்த நேரம் கழிந்த சீட்டுகளில் வாசலின் பிடியைச் செல்லாது என்று வைத்துத் துடைத்துவிட வேண்டியது. கறாரான கணக்குத்தான்.

ஒரே ஒரு சீட்டைத் தவிர. தலைமை முக்குளிப்போன் ரெமிஜியுஸின் சீட்டு. அதைத் தொடாதே என்று துடைப்பானில் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள். ரெமிஜியுஸ் அவள் புருஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கடலுக்குள் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கோயிலில் அவனுக்கு இறந்தோர் பூசை வைத்துவிடு என்று மாமியார் அழுதுபார்த்தாள், பங்குச் சாமியார் சொல்லிப்பார்த்தார். வெரோனிக்கா அசையவில்லை. ஊரார் புருஷன்மாரையெல்லாம் துடைக்கத் துணிந்தவளுக்குத் தன் புருஷனை மட்டும் துடைக்க முடியவில்லை. அவள் மனம் அப்படி.

துடைப்பானை ஓட்டினாள். சீட்டுகள் மளமளவென்று குறைந்தன. புது ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிக் கூடத்தில் கைரேகை வைத்தார்கள். முதல் ஆளாகச் சீட்டு வாங்கியது செல்வநாயகி என்ற புதுச் சமையல்காரி. வந்த கையோடு அடுக்களைக்குள் போய், இத்தனை நாள் இந்தப் பாத்திரத்தைக் கழுவியது யார் என்று கேட்டு ஒரு சண்டையும் போட்டுவிட்டாள்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உனக்கு ஒரு காப்பி சொல்லட்டுமா?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் மேசை ஒலிபெருக்கி கரகரத்தது. "மைனி, இருக்கியளா? மூணாம் இடையறையில இன்னாசி பேசுதேன்."

இடையறை என்பது கடலுக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன அறை. கடலிலிருந்து வருகிறவர் அதற்குள் நுழைந்ததும் வெளிக்கதவு மூடும், தண்ணீர் வடியும், பிறகு உள்கதவு திறக்கும். இன்னாசி ரெமிஜியுஸோடு ஜோடியாகக் குதித்தவன், அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அதனால் வெரோனிக்கா அவனுக்கு மைனி.

"என்னடா?"

"இந்தக் கதவுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு. லேட்டா வந்தா 'நேரமாயிருச்சே'ன்னு கேக்கும்லா, நம்ம அண்ணாச்சி குசும்பு? அதக் கேக்கும்னு நிக்கேன். 'வாங்க, செல்வநாயகி'ங்குது!"

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். வெரோனிக்காவுக்கும் சிரிப்பு வரத்தான் பார்த்தது. அடுத்த நொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாசி, நீ எப்ப வெளிய போன?"

"காலையிலேயே. அந்தக் குழாய் போல்ட்டு இருக்கே, மயிரு, கழலவே மாட்டேன்னுட்டு. அதான் அங்க கட்டிக் கிடந்த ரெண்டாவது சிலிண்டர எடுத்து மாட்டிக்கிட்டேன். சட்டப்படி தப்புத்தான், ஏசாதிய. உள்கதவத் திறங்க மைனி, பசிக்கி."

அவள் திரையை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இன்னாசி சீட்ட அழிச்சிட்டேன்."

"அழிச்சா இன்னொண்ணு போடு."

"அது இல்ல அண்ணாச்சி. கேளுங்க. இந்த மிஷினுக்குப் பதினாறு கை, எல்லாம் ஒரே நேரத்துல வேலை பாக்கும். ஒரு கையில என் துடைப்பான் ஓடுது. இன்னாசி சீட்டப் பாத்து, நேரம் தாண்டிட்டு, யாரும் பிடிக்கலன்னு முடிவு பண்ணிட்டு அழிக்கப் போவுது. அந்த இடைவெளியில இன்னாசி வந்து இடையறைப் பலகையில கைய வச்சிருக்கான். இன்னொரு கை அதே சீட்ட எடுத்து இடையறைக்கிட்ட குடுத்திருக்கு. அதுக்குப் பொறவு இந்தக் கை அழிச்சிட்டு."

"ரெண்டு கையும் ஒரே நேரத்துல தொடக்கூடாதுன்னுதானே பூட்டு வச்சிருக்கோம்?"

"அழிக்கிறதுக்குப் பூட்டுப் போட்டேன். பாக்கிறதுக்குப் போடல. ரெண்டுக்கும் போட்டா எல்லாக் கதவும் துடைப்பானுக்காகக் காத்துக் கிடக்கும், நீங்க அவசரப்படுத்துனியன்னு..." அவள் நிறுத்தினாள். "இல்ல, உங்க மேல போடக்கூடாது. பாக்கிறதும் அழிக்கிறதும் ஒரே மூச்சுல நடந்திருக்கணும். நான்தான் நடுவுல விட்டுட்டேன்."

"சரி, இப்ப செல்வநாயகி எங்கேருந்து வந்தா?"

"காலியான அந்த இடத்தத்தான் அவளுக்குக் குடுத்திருக்கு. இடையறை இன்னும் பழைய இடத்தத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கி. அங்க யாருன்னு பாத்தா செல்வநாயகி. இடையறையில சமையல்காரிக்கு என்ன வேலைன்னு ரெண்டு கதவையும் அடைச்சிட்டு. செல்வநாயகிக்கு அடுக்களையில காத்து போயிட்டிருக்கதால இங்க காத்தும் விடல."

அண்ணாச்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. "அவன் சிலிண்டரு?"

"ரெண்டும் காலி."

"அறையில இருக்க காத்து?"

"அரை மணி நேரம் தாங்கும். பயந்து மூச்சு வாங்குனான்னா அதுவும் தாங்காது."

அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முன்பெல்லாம் உள்கதவில் ஒரு கைச்சக்கரம் இருந்தது. எவனோ ஒருத்தன் தண்ணீர் வடியும் முன்னே அதைச் சுற்றிப் பாதி நிலையம் மூழ்கப் பார்த்தபிறகு, எல்லாச் சக்கரத்தையும் கழற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். இப்போது அதை நினைத்துத் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். கதவை அறுப்பதென்றால் பொழுது சாய்ந்துவிடும்.

"மிஷின நிறுத்தி மறுபடி ஓட்டு."

"எழும்பி வர முக்கால் மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் முந்நூறு பேருக்கும் காத்து கிடையாது."

"அந்தச் சமையல்காரி சீட்டுல, இவளுக்கு இடையறை திறக்கும்னு எழுதிரு."

"ஒருதடவ எழுதுன சீட்ட யாராலும் திருத்த முடியாது. அந்தச் சட்டம் போட்டது நீங்கதான், அண்ணாச்சி."

"புதுச் சீட்டு?"

"கூடத்துல ஆள் நேர்ல நின்னு கை வைக்காமப் புதுச் சீட்டுப் பிறக்காது."

"என் சீட்ட எடு," என்றார் அண்ணாச்சி. "இடையறையப் பிடி மாத்தி என் சீட்டப் பிடிக்கச் சொல்லு. எனக்குத்தான் எல்லாக் கதவும் திறக்குமே."

"எடுத்தா இந்த அறை உங்களக் கைவிட்டிரும். இது உங்க பேருல உள்ள அறை, உங்க சீட்டு இல்லன்னா ஆளில்லாத அறைன்னு தீயணைக்கிற வாயுவத் திறந்து விட்டிரும். நீங்களும் நானும் இங்கேயே செத்துக் கிடப்போம்."

"அப்ப யாரு சீட்டத்தாம்மா எடுக்க?"

"எந்த அறையிலயும் ஆளில்லாத, ஆனா உயிரோட இருக்க சீட்டு வேணும். முக்குளிக்கிறவன் சீட்டா இருக்கணும்."

காலையில் அப்படிப்பட்ட சீட்டு ஆயிரக்கணக்கில் இருந்தது. அத்தனையையும் அவளே துடைத்துவிட்டாள். இப்போது கடலில் வேறு யாரும் இல்லை, மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. அது எது என்று அவளுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கியில் இன்னாசியின் குரல் வந்தது. முன்பிருந்த விளையாட்டு அதில் இல்லை. "மைனி, தலை கிறுகிறுங்குது. என்னவோ ஆயிட்டு, இல்லையா? உள்ளதச் சொல்லுங்க."

"ஒண்ணும் ஆவாது. பேசாம உக்காரு. மூச்ச மெதுவா விடு."

வெரோனிக்கா திரையில் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமிஜியுஸ், அறைகளின் பிடி பூஜ்யம். இன்னாசி அந்தச் சீட்டோடு உள்ளே வந்துவிட்டால், ரெமிஜியுஸ் வந்துவிட்டான் என்று இயந்திரம் முடிவுகட்டிவிடும். வாசல் அவனுக்காகக் காத்திருப்பதை அதோடு நிறுத்திவிடும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்முன் அவள் அந்தச் சீட்டை ஒருமுறை திறந்து பார்ப்பாள். 'நிலை: வெளியே. வருகிறார்' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் விட்டுவிட முடிகிறதா?

"ஒண்ணு இருக்கு அண்ணாச்சி," என்றாள்.

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "தெரியும். காலையிலேயே உன் நிரலப் படிச்சேன்."

"படிச்சிட்டா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? ஒரு சீட்டு கிடந்துட்டுப் போவுதுன்னு விட்டேன்." அவர் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "நான் செய்யின்னு சொல்லமாட்டேன், வெரோனிக்கா. அத நீதான் சொல்லணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒலிபெருக்கியில சொல்லுங்க. எல்லாரும் நின்ன எடத்துலேயே நிக்கணும். பெரிய பூட்டப் போடப்போறேன். இந்தத் தடவ நடுவுல விடமாட்டேன்."

அண்ணாச்சியின் குரல் நிலையமெங்கும் முழங்கியது. நடந்தவர்கள் நின்றார்கள். அடுக்களையில் செல்வநாயகி கரண்டியோடு நின்றாள். வெரோனிக்கா பூட்டைப் போட்டாள். பதினாறு கையும் நிற்கவேண்டும். அதுவரை கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு கையும் நிற்கும். எல்லாம் நின்றபிறகுதான் இடையறையின் பிடியை மாற்றலாம். ஒரு கை பழைய பிடியை வைத்திருக்கும்போது மாற்றினால், துடைப்பானில் செய்த அதே தப்புதான் மறுபடியும் நடக்கும்.

காற்றாடிகள் ஓய்ந்தன. நிலையத்தில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டிராத நிசப்தம். ஒரு கை நின்றது, அடுத்தது நின்றது, வரிசையாகப் பதினைந்தும் நின்றன. கடைசிக் கை மட்டும் நிற்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணாச்சி.

"அது இன்னும் இடையறைப் பலகைய வாசிச்சிக்கிட்டே இருக்கு. வாசிச்சு முடிக்காம நிக்காது." அவளுக்குச் சட்டென்று விளங்கியது. "இன்னாசி! பலகையில கைய வச்சிருக்கியா?"

"ஆமா மைனி. வந்ததுலேர்ந்து வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எடுத்திரு."

"எடுக்கமாட்டேன்."

"ஏலே, எடுலே! கைய எடுத்தாத்தான் கதவு திறக்கும்."

"எடுத்தா அது என்னைய மறந்துரும்." வார்த்தை குழறியது. "ஏற்கெனவே பேர மறந்துட்டு. கைய எடுத்தேன்னா இங்க ஒருத்தன் இருக்காங்கிறதையே மறந்துரும். ரெமி அண்ணன மறந்த மாதிரி..."

முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காற்று யாருக்கும் ஓடவில்லை. வெரோனிக்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ரெமிய யாருலே மறந்தா? ரெண்டு வருசமா அவன் சீட்ட அழியாம வச்சிருக்கேன். அந்தச் சீட்டத்தான் இப்ப உனக்குத் தாறேன். நீ அவன் சீட்டுல உள்ள வரணும். மிஷின் மறந்தா மறந்துட்டுப் போவட்டும், நான் மறக்கமாட்டேன். இன்னாசி, என் ராசா, கைய எடு!"

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஈரக்கை ஒன்று பலகையிலிருந்து வழுக்கி இறங்குகிற ஓசை கேட்டது. அவனாக எடுத்தானா, மயங்கிச் சரிந்தானா தெரியாது. கடைசிக் கை நின்றது.

அவள் பிடியை மாற்றினாள். இரண்டு வருஷமாகப் பூஜ்யமாகக் கிடந்த எண் ஒன்று ஆனது. மாற்றியதும் சரிபார்த்து, அப்புறம்தான் பூட்டை எடுத்தாள்.

காற்றாடிகள் சுழன்றன. மூன்றாம் இடையறைக்குள் காற்று சீறிப் பாய்வது ஒலிபெருக்கியில் கேட்டது. உள்கதவு கடகடவென்று விலகியது. அதன்பின் அந்தப் பலகை தன் வழக்கமான குரலில் நிலையமெல்லாம் கேட்கச் சொன்னது:

"வாங்க, ரெமிஜியுஸ். ரொம்ப நேரமாயிருச்சே."

வெரோனிக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணாச்சி அவள் தோளைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

இன்னாசியைத் தூக்கிக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். அரைமணியில் எழுந்து உட்கார்ந்து, "நான் வாரேன்னு பச்சைய அமுக்கிட்டுத்தான மைனி போனேன்? அப்பொறமும் நம்பாம அழிச்சா எப்படி?" என்று கேட்டான். சுற்றி நின்ற யாரும் அவளைக் கோபிக்கவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனி அவனுக்குச் சொந்தமாக ஒரு சீட்டுப் போடவேண்டும். அதற்குமுன் இப்போது அவன் இருக்கிற ரெமிஜியுஸின் சீட்டைவிட்டு அவன் வெளியேறவேண்டும். கூடத்துப் பலகை இரண்டு பொத்தான்களையும் ஒளிரவிட்டுக் காத்திருந்தது.

"பச்சைய அமுக்கட்டுமா?" என்றான் இன்னாசி. "அண்ணன் சீட்டு மறுபடியும் வெளிய போயிக் காத்துக் கிடக்கும். பழைய மாதிரியே."

"அமுக்கு," என்றார் அண்ணாச்சி உடனே. "ஒரு சீட்டுதானே. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் இரண்டு பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேண்டாம்," என்றாள் கடைசியில். "ஊருக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்குன்னு இருக்கக்கூடாது. அவரு கடைசியா ஒரு வேலை செஞ்சு குடுத்துட்டாரு. உன்னையக் கொண்டுவந்து சேத்துட்டாரு. சிவப்ப அமுக்கு."

"நான் மாட்டேன் மைனி. சத்தியமா மாட்டேன்." அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செல்வநாயகிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெரோனிக்காவே முன்னால் போனாள். சிவப்புப் பொத்தானின்மேல் யார் கையும் பட்டிராததால் அதன் பளபளப்பு அப்படியே இருந்தது. அழுத்தினால் அந்தப் பலகை என்ன சொல்லும் என்று நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது. விரலை வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினாள்.

பலகை சற்றுத் தயங்கியது.

"சரி, ரெமிஜியுஸ்," என்றது. "போயிட்டு வாங்க."

வெரோனிக்கா திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தாள். போறவன் போறேன்னு சொன்னா என்ன என்று இத்தனை வருஷம் எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

"பின்ன," என்றார் சிதம்பரதாணு, "வேற என்னத்தம்மா எழுதச் சொல்லுத?"